பிள்ளை வளர்ப்பும் சிட்சையும்: விசுவாச வீடுகளில் அடிக்கடி வரும் கேள்விகள்

பெற்றோர் கூடுகைகளில் மைக்கைக் கொடுத்துக் கேட்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்த பிறகு ஓரமாக வந்து, "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிப்பார்கள். அது ஒருபோதும் சின்ன விஷயமாக இருக்காது. அப்படித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை, வேதத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேதமே பிரம்பை எடுக்கச் சொல்கிறது. அடிக்காமல் வளர்த்தால் அது கீழ்ப்படியாமை ஆகாதா?

எல்லாச் சண்டையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீதிமொழிகளில் பிள்ளையையும் பிரம்பையும் சேர்த்துப் பேசுகிற இடங்கள் நான்கு: 13:24, 22:15, 23:13-14, 29:15. "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்பது பைபிளை அதிகம் திறக்காதவருக்கும் மனப்பாடம். அந்தக் காலத்தில் பிரம்பு என்றால் பிரம்புதான், அது வெறும் உருவகம் என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் புத்தகம் எப்படிப் பேசுகிற புத்தகம் என்றும் பார்க்க வேண்டும். அதே 23ஆம் அதிகாரத்தில், பிரம்பு வசனத்துக்குக் கொஞ்சம் மேலே, "நீ போஜனப்பிரியனாயிருந்தால், உன் தொண்டையிலே கத்தியை வை" என்று இருக்கிறது. விருந்தில் இரண்டாம் முறை பரிமாறச் சொல்கிறவர் யாரும் கத்தியைத் தேடுவதில்லை. வயிற்றை அடக்கு, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே என்று சரியாகவே புரிந்துகொள்கிறோம். 26:3 மூடனுடைய முதுகுக்கும் பிரம்பு என்கிறது, அதற்காகச் சபையில் முட்டாள்தனம் செய்த பெரியவரை யாரும் முதுகில் சாத்துவதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறோம், ஏனென்றால் பிள்ளை திருப்பி அடிக்காது.

அப்புறம் இன்னொன்று. நீதிமொழிகளின் முதல் ஒன்பது அதிகாரங்கள் கிட்டத்தட்ட முழுக்க "என் மகனே" என்று ஒரு தகப்பன் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. தாயின் போதகமும் 1:8லேயே வந்துவிடுகிறது. நான்கு பிரம்பு வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒன்பது அதிகாரப் பேச்சை விட்டுவிட்டால், நாம் வேதத்தின்படி வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 17:10 வேறு சொல்கிறது: "மூடனை நூறடி அடிப்பதைப்பார்க்கிலும், புத்திமானை வாயினால் கண்டிப்பதே அதிகமாய் உறைக்கும்."

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், எபேசியர் 6:4 பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாரிடம் சொல்லிவிட்டுத்தான் சிட்சையைப் பற்றியும் (அதாவது கண்டித்துத் திருத்துவதைப் பற்றியும்) போதனையைப் பற்றியும் பேசுகிறது. கொலோசெயர் 3:21 காரணமும் சொல்கிறது: அவர்கள் திடனற்றுப்போகாதபடிக்கு. பிரம்பு அங்கே வரவே இல்லை.

அடிக்காத பெற்றோர் இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விட வேண்டாம். 13:24 பகை என்று சொல்வது பிள்ளையைத் திருத்தாமல் விடுவதை. ஆசாரியன் ஏலி தன் மகன்களான ஓப்னியும் பினெகாசும் செய்ததைக் கேள்விப்பட்டு வாயால் கண்டித்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டான், அவர்களை அடக்கவில்லை என்பதே அவன்மேல் வந்த குற்றச்சாட்டு (1 சாமுவேல் 3:13). தாவீது தன் மகன் அதோனியாவிடம் "நீ இப்படிச் செய்வானேன்" என்று ஒருநாளும் கேட்டதில்லையாம் (1 இராஜாக்கள் 1:6). கோலியாத்தின் முன்னால் நின்றவனுக்குச் சொந்த மகனிடம் ஒரு கேள்வி கேட்கத் தைரியம் வரவில்லை.

இடைச்செருகலாக ஒன்று: "அடியாத மாடு படியாது", "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பவை வேத வசனங்கள் இல்லை. வசனம் சொல்கிற அதே குரலில் இவற்றைச் சொல்லிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இருப்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அப்படியானால் ஒரு தட்டுகூடத் தட்டக் கூடாதா?

என் பதில், வேண்டாம். கர்த்தருக்குப் பயந்த நல்ல பெற்றோர் பலர் இதில் வேறுபடுகிறார்கள் என்பது தெரியும், அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில விஷயங்களை யோசியுங்கள். முதலில் சட்டம். 1979இல் ஸ்வீடன் வீட்டுக்குள்ளும் பிள்ளைகளை அடிக்கத் தடை போட்டது, இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தடை இருக்கிறது. உங்கள் நாடு அதில் ஒன்றாக இருந்தால், அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற ரோமர் 13 உங்களுக்கும்தான். இரண்டாவது, ஆய்வுகள். 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளை, சுமார் 1,60,000 பிள்ளைகள் பற்றிய விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. அடி வாங்குகிற பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்பட்டன. அடியால் முரண்டு வந்ததா, முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு அதிகம் அடி விழுந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அது நியாயமான வாதம். ஆனாலும் அடித்ததால் பிள்ளை நெடுங்காலத்துக்குத் திருந்தியது என்று காட்ட யாரிடமும் உருப்படியான ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2018இல் பெற்றோரிடம் அடிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் இந்தக் காலத்து நாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்கு: சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பு ஆதிச் சபையின் பேர்பெற்ற பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓயாமல் அடிக்காதே, அடி பழகிவிட்டால் பிள்ளை அதை மதிக்காது என்று தகப்பன்மாருக்குப் புத்தி சொன்னார். அவரும் பிரம்பை வீட்டை விட்டு எறியச் சொல்லவில்லை, பயம் இருக்கட்டும் என்றார். ஆனால் அடி சீக்கிரம் தேய்ந்துபோகிற ஆயுதம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குப் பெரிய காரணம் வேறு. அடி ரொம்ப சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஐந்து வினாடியில் விவகாரம் தீர்ந்த மாதிரி ஆகிவிடும், பிள்ளை ஏன் அதைச் செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. பெல்ட், சூடு, முகத்தில் அறைவது, கைக்குழந்தையைப் பிடித்து உலுக்குவது, இவற்றைப் பற்றி விவாதமே கிடையாது. அது வன்முறை, பாவம், பல இடங்களில் குற்றமும்கூட.

சரி, அடி இல்லை என்றால் வேறு என்னதான் செய்வது?

ஆதியாகமம் 3ஐ ஒரு தகப்பனாக வாசித்துப் பாருங்கள். பிள்ளைகள் தப்புப் பண்ணிவிட்டு ஒளிந்துகொள்கிறார்கள். தேவன் முதலில் செய்வது கேள்வி கேட்பது: "நீ எங்கே இருக்கிறாய்?" அவருக்குத் தெரியாமல் கேட்கவில்லை. பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்கிறார், பழியை ஒருவர்மேல் ஒருவர் தள்ளுவதையும் சேர்த்து. பிறகு விளைவைச் சொல்கிறார், அதைக் குறைக்கவில்லை. தோட்டத்தை விட்டு அனுப்புவதற்கு முன்னால் தோல் உடைகளைச் செய்து உடுத்திவிடுகிறார். கேள்வி, விளைவு, உடை. மூன்றில் கடைசியைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம்.

நடைமுறையில் எப்படி? எட்டு வயதுப் பையன் பாட்டியின் பர்ஸிலிருந்து பணம் எடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "நீ எடுத்தியா?" என்று தெரியாத மாதிரி கேட்காதீர்கள், அது அவனை இன்னொரு பொய்க்குள் தள்ளும் பொறி. "பாட்டி பர்ஸிலிருந்து பணம் எடுத்தது அப்பாவுக்குத் தெரியும். எதுக்குன்னு சொல்லு" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டி வரும். வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிற ஏதோ ஒன்று தன்னிடம் இல்லை என்பது மெதுவாக வெளியே வரும்.

அடுத்தது ஈடுகட்டுவது. யாத்திராகமம் 22 திருடினவனைத் திரும்பக் கொடுக்கச் சொல்கிறது, வரி வசூலிக்கிற சகேயுவும் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றுதான் எழுந்து நின்றான். பையன் தன் உண்டியலிலிருந்து எடுத்து, தானே பாட்டியிடம் போய், தன் வாயாலேயே சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அவனுக்காகப் பேசாதீர்கள். பாட்டி நிச்சயம் "விடு கண்ணு, பரவாயில்லை, நீயே வச்சுக்கோ" என்பார். அதனால் முன்கூட்டியே அவரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்: "அம்மா, அவன் கொடுக்கும்போது கையை நீட்டி வாங்கிக்கணும்." வாங்கின பிறகு அவர் அவனைக் கட்டிக்கொள்ளட்டும். அன்று இரவு சேர்ந்து ஜெபிக்கும்போது மன்னிப்புக்காக நன்றி சொல்லுங்கள், அத்தோடு முடிந்தது. அடுத்த மாதம் சித்தி வரும்போது "இவன் என்ன பண்ணினான் தெரியுமா" என்று சிரித்துக்கொண்டே சொல்வது, கொடுத்த உடையைத் திரும்பப் பிடுங்குவது.

இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும். வேலை முடிந்து களைத்து வருகிற பெற்றோருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், சிட்சை என்பதே நேரம் கேட்கிற வேலை.

மூன்று வயதுக் குழந்தைக்கு இத்தனை பேச்சு வேண்டாம். தூக்கிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வெளியே போங்கள், அழுது முடியட்டும், ஒரே வரியில் சொல்லுங்கள். செய்ய மாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்த தண்டனையைச் சொல்லி மிரட்டாதீர்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னது பெற்றோருக்கும்தான்.

பிள்ளை வாய் திறந்தாலே பொய்யாக இருக்கிறது. என்ன செய்ய?

முதலில், உண்மை சொன்னால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி, சார்ல்ஸ் வெஸ்லி ஆகியோரின் தாய் சூசன்னா வெஸ்லி பெற்றது 19 பிள்ளைகள், அதில் பிழைத்து வளர்ந்தது 10. ஜான் கேட்டுக்கொண்டதால் தன் வளர்ப்பு முறையை 1732இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த அம்மா கண்டிப்புக்குப் பேர்போனவர், ஒரு வயதுக் குழந்தையே பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக வேண்டும் என்று எழுதினவர். அதெல்லாம் நமக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டு விதிகள் தங்கமானவை. தண்டனைக்குப் பயந்துதான் பிள்ளைகள் பொய்யில் விழுகிறார்கள் என்று கண்டு, தப்பை ஒத்துக்கொண்டு திருந்துகிறேன் என்று சொல்கிற பிள்ளைக்கு அடி கிடையாது என்று வைத்தார். ஒரே தப்புக்கு இரண்டு முறை தண்டனையும் கிடையாது, பிறகு அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது. அத்தனை கண்டிப்பான வீட்டிலேயே உண்மைக்கு ஒரு பாதுகாப்பான கதவு திறந்திருந்தது.

கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன், கண்டபடி கத்திவிட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடாதா?

போகாது. "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்று யாக்கோபு எழுதினதைப் பிள்ளைகளும் ஞாயிறு பள்ளியில் படிக்கிறார்கள். கேட்கும்போது முழுசாகக் கேளுங்கள். "நான் கத்தினது தப்பு, ஆனா நீ அப்படிப் பண்ணினதாலதான்" என்றால் அது மன்னிப்பு இல்லை, இரண்டாவது திட்டு. "நேத்து சாப்பிடும்போது உன்னைக் கத்தினேன், அது தப்பு, என்னை மன்னிச்சிடு" போதும். பிள்ளை செய்த தப்பைப் பற்றி வேறொரு நேரத்தில் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

"இயேசப்பா கோவிச்சுக்குவார்", "பிசாசு வந்து பிடிச்சுக்கும்" என்று சொல்லிப் பணிய வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சாப்பிட வைப்பதற்கும் தூங்க வைப்பதற்கும் தேவனுடைய பெயரைப் பூச்சாண்டியாகப் பயன்படுத்துவதை நான் அவருடைய நாமத்தை வீணாக வழங்குவதிலேயே சேர்ப்பேன். ஐந்து வயதில் அது வேலை செய்யும், பதினைந்து வயதில் அந்தப் பயம் போகும்போது விசுவாசத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

குடும்ப ஜெபத்தில் நெளிகிறார்கள், தூங்குகிறார்கள், சிரிக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் ஜெபிக்கிறீர்கள்? அப்பா உலகத்தில் உள்ள எல்லா மிஷனரிகளுக்காகவும் முக்கால் மணி நேரம் ஜெபித்தால் பெரியவர்களே தூங்குவார்கள். ஒரு பாட்டு, ஒரு சின்னப் பகுதி, ஒரு கேள்வி, ஆளுக்கொரு வரி ஜெபம், பத்து நிமிடம் தாராளம். பிள்ளைகள் ஜெபித்தால் குறுக்கே திருத்தாதீர்கள். பூனைக்குட்டிக்காக ஜெபித்தால் ஆமென் சொல்லுங்கள்.

உபாகமம் 6:7ஐயும் மறக்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது பேசு என்கிறது அது. பள்ளிக்கு அழைத்துப்போகும் வழியில் வருகிற ஒரு கேள்வி, "சாமுவேலைக் கோயில்லயே விட்டுட்டு வந்தப்போ அவங்க அம்மா அழுதாங்களா?" என்பது மாதிரி, ஒரு வார ஜெபத்துக்குச் சமம். அந்த நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், வசனம் ஒப்பிப்பதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தம்பியை அடித்ததற்கு சங்கீதம் எழுது என்றால், சங்கீதம் என்றாலே கைவலி என்று மனதில் பதிந்துவிடும்.

நான் ஒன்று சொன்னால் என் கணவர் வேறு சொல்கிறார். தாத்தா பாட்டி இன்னொன்று.

பிள்ளைக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், யாரிடம் போய் எதைக் கேட்க வேண்டும் என்று. ஈசாக்குக்கு ஏசா, ரெபெக்காளுக்கு யாக்கோபு என்று பிரிந்து நின்ற வீட்டில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். கணவன் மனைவி கருத்து வேறுபாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள், பிள்ளை முன்னால் ஒருவர் சொன்னதை மற்றவர் உடைக்காதீர்கள். அடி, அவமானம் என்று போகும்போது மட்டும் விதிவிலக்கு, அப்போது உடனே குறுக்கே நில்லுங்கள். தாத்தா பாட்டியிடம் எல்லாவற்றுக்கும் சண்டை போடாமல் முக்கியமான இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மற்றதில் கொஞ்சம் செல்லம் இருந்துவிட்டுப் போகட்டும்.

போன்?

பெரியவர்களும் கடைப்பிடிக்கிற விதியை மட்டும் போடுங்கள். சாப்பாட்டு மேஜையில் போன் கூடாது என்றால் அப்பாவின் ஆபீஸ் மெசேஜுக்கும் கூடாது.

பதினாறு வயது மகன் சபைக்கு வர மாட்டேன் என்கிறான். இழுத்துக்கொண்டு போவதா, விட்டுவிடுவதா?

இரண்டுக்கும் முன்னால், ஏன் என்று கேளுங்கள். பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். சில பேருக்கு விசுவாசத்தில் சந்தேகம், சில பேருக்கு வாலிபர் கூட்டத்தில் யாரோ கிண்டல் செய்தது, சில பேருக்கு ஞாயிறு காலை தூக்கம், சில பேருக்கு வீட்டில் ஒரு மாதிரியும் சபையில் வேறு மாதிரியும் இருக்கிற அப்பா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சந்தேகத்தோடு வருகிற பிள்ளையிடம் "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொன்னால் அவன் கேட்பதை நிறுத்துவான், சந்தேகிப்பதை நிறுத்த மாட்டான். தாம் உயிர்த்தெழுந்ததைச் சந்தேகித்த தோமாவை இயேசு துரத்தவில்லை, கையைக் காட்டினார்.

வீட்டின் ஒழுங்கு என்று ஒன்று இருக்கலாம். குடும்பமாக ஆராதனைக்குப் போகிறோம், இந்த வீட்டில் இருக்கும்வரை நீயும் வா என்று சொல்வதில் தவறில்லை என்பது என் எண்ணம், சிலர் பதினாறு வயதில் அதைக்கூடப் பிள்ளையிடம் விட்டுவிடுவார்கள். ஆனால் திருவிருந்து, ஞானஸ்நானம், சாட்சி சொல்வது, பாட்டுக் குழு, இதில் எதற்கும் கட்டாயம் கூடாது. உடம்பைச் சபையில் உட்கார வைக்க உங்களால் முடியும், அதற்கு மேல் உங்கள் கையில் இல்லை. "மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்" என்று ஒருமுறை வாயிலிருந்து வந்துவிட்டால் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான், ஏனென்றால் உங்கள் கவலை எதைப் பற்றியது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்று நடத்தினேன். இப்போது அவள் விசுவாசத்தையே விட்டுவிட்டாள். நான் எங்கே தவறினேன்?

நீங்கள் தவறினீர்கள் என்று யார் சொன்னது? நீதிமொழிகள் 22:6 பொதுவாக வாழ்க்கை எப்படிப் போகிறது என்று சொல்கிற ஞானவாக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த உத்தரவாதப் பத்திரமாக அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தாய்மார் தங்களைத் தாங்களே சிலுவையில் அறைந்துகொள்கிறார்கள். எசேக்கியா நல்ல ராஜா, அவன் மகன் மனாசே படுமோசம். ஆமோன் மோசமான ராஜா, அவன் மகன் யோசியா தேசத்தையே திருத்தினான். சாமுவேலின் மகன்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். இதற்கெல்லாம் மேலே ஏசாயா 1:2 இருக்கிறது: "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாய்க் கலகம்பண்ணினார்கள்." சொல்கிறவர் கர்த்தர். அவர் வளர்ப்பில் என்ன குறை?

மகளோடு பேச்சு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் வசனம் அனுப்ப வேண்டாம். அவள் வேலை, உடம்பு, சிநேகிதர்கள் பற்றி விசாரியுங்கள். ஜெபிப்பதை அவளிடம் விளம்பரம் செய்யாமல் ஜெபியுங்கள்.

வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி. முடியுமா?

பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது, அவன் விசுவாசத்தைப் பற்றி வேதம் ஒன்றும் சொல்லவில்லை. பவுல் பேர் சொல்லிக் குறிப்பிடுவது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும். பிள்ளைகளை அவர்கள் அப்பாவுக்கு எதிராகத் திருப்பாமல் இதைச் செய்ய வேண்டும், கஷ்டம் அதில்தான் இருக்கிறது. தனியாக வளர்ப்பவர்கள் சபையில் நம்பகமான ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள், வெட்கப்படாமல் உதவி கேளுங்கள்.

பெரியவர்களுக்குக் கீழ்ப்படி என்று சொல்லி வளர்க்கிறோம். அதில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது, இதைக் கேட்கிறவர்கள் குறைவு என்பதுதான் கவலை. எந்தப் பெரியவர் எதைச் சொன்னாலும் கேட்க வேண்டும் என்று பழகின பிள்ளை, தப்பான ஆள் கையில் மாட்டினால் வாயைத் திறக்காது. எபேசியர் 6:1 பெற்றோருக்கே "கர்த்தருக்குள்" கீழ்ப்படியச் சொல்கிறது, எல்லை அங்கேயே இருக்கிறது. உடம்பைத் தொடுகிற விஷயத்தில் யாருக்கும், மாமாவுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் போதகருக்கும்கூட, மாட்டேன் என்று சொல்லலாம் என்றும், யாராவது "இது நமக்குள்ள ரகசியம்" என்றால் உடனே அம்மா அப்பாவிடம் வந்து சொல்ல வேண்டும் என்றும் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுங்கள். கட்டிப்பிடிக்கப் பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்தி உறவினர் மடியில் உட்கார வைக்காதீர்கள்.

அப்படி ஒன்று நடந்துவிட்டதாகப் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள், பிறகு சட்டப்படி புகார் கொடுங்கள். சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள், விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வெளி நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்கிற 1 கொரிந்தியர் 6ஐக் காட்டுவார்கள். பவுல் அங்கே பேசுவது சகோதரருக்குள் வருகிற அற்ப வழக்குகளைப் பற்றி. சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி இயேசு சொன்னது மத்தேயு 18:6இல் இருக்கிறது, கழுத்தில் ஏந்திரக்கல்லை (மாவரைக்கிற பெரிய கல்லை) கட்டுகிற வசனம். அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் காவல்நிலையத்துக்குக் கிளம்புங்கள்.